எலித்சா ஆடிய விளையாட்டு

அல்பெனாவின் மகன் யாவோர், தன் அம்மா ஃபோனுக்குள் இருக்கும் போலீஸ் என்று பாலர் பள்ளியில் சொல்லிவைத்திருந்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆறு வயதுப் பிள்ளையிடம் அவள் அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. சொல்லவும் வழியில்லை.

நானும் அவளும் சோஃபியாவின் வெளிவட்டச் சாலையை ஒட்டிய கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தோம். உலகம் முழுக்கப் பார்க்கும் ஒரு வீடியோ தளம். யாராவது ஒரு வீடியோவைப் பற்றிப் புகார் கொடுத்தால் அது எங்கள் திரைக்கு வரும். பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றோ எடுத்துவிடு என்றோ பொத்தானை அழுத்த வேண்டும். பல்கேரிய மொழியில் வருவதெல்லாம் எங்கள் பங்கு. நல்ல வீடியோவுக்கு யாரும் புகார் கொடுப்பதில்லை என்பதால் நாள் முழுக்க நாங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று நீங்களே நினைத்துக்கொள்ளலாம். வேலையில் சேரும்போதே இதைப் பற்றி வெளியே மூச்சு விடமாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். என் அம்மாவுக்கு நான் இன்றுவரை 'கம்ப்யூட்டரில்' இருக்கிறேன்.

பாலர் பள்ளியில் தோன்கா டீச்சர் அந்த வருடம் புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தார். வாரம் ஒரு பெற்றோர் வந்து தங்கள் வேலையைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். வாயால் பாடம் நடத்தக்கூடாது, விளையாட்டாகத்தான் காட்ட வேண்டும். தீயணைப்பு வண்டி ஓட்டுகிற ஓர் அப்பா குழாயோடு வந்து தோட்டத்தையே குளமாக்கிவிட்டுப் போனார். ரொட்டிக்கடை அம்மா வந்த நாளில் பிள்ளைகள் தலைமுடியெல்லாம் மாவோடு வீடு திரும்பினார்கள். அல்பெனாவின் முறை வந்தபோது மார்ச் மாதம் பிறந்திருந்தது. கணவன் பிளாமென் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் இடையில் லாரி ஓட்டுகிறவன். அவனை அனுப்பவும் வழியில்லை.

காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று என்னிடம் யோசனை கேட்டாள்.

"காய்ச்சல்னு சொல்லிடுடி," என்றேன்.

"சொல்லியாச்சு. அடுத்த வாரம் வாங்கன்னுட்டாங்க. யாவோர் வேற அழறான். உங்கம்மா போலீஸ் எல்லாம் இல்ல, சும்மா புளுகுறேன்னு பசங்க கேலி பண்றாங்களாம்."

கடைசியில் யோசனையும் அவளுக்கேதான் வந்தது. பக்கத்து வீட்டில் புதிதாக ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தார்கள். அந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, முன்பக்கம் டிவி போலச் சதுரமாக ஒரு சன்னல் வெட்டினாள். ஒரு பிள்ளை பெட்டிக்குள் போய் எதையாவது நடித்துக் காட்ட வேண்டும். வெளியே உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகள் ஆளுக்கு மூன்று அட்டை வைத்திருப்பார்கள். பச்சை என்றால் இருக்கட்டும். சிவப்பு என்றால் எடுத்துவிடு. மஞ்சள் என்றால் பெரியவர்களைக் கேட்கலாம். அலுவலகத்திலும் எங்களுக்கு அந்த மூன்றாவது பொத்தான் உண்டு, மேலாளருக்கு அனுப்புவதற்கு. அடிக்கடி அழுத்தினால் நம் மதிப்பெண் இறங்கும். மஞ்சள் எதற்கு, பிள்ளைகள் குழம்பிப்போவார்கள் என்று நான் சொன்னேன். இருக்கட்டும் என்றாள். தனியாகப் போனால் ஏதாவது உளறிவிடுவேன், நீயும் வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

தேனீக்கள் என்பது அந்த வகுப்பின் பெயர். பிள்ளைகள் மணிக்கட்டில், மார்ச் மாதம் பிறந்தால் நலம் வேண்டி எல்லோரும் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூலோடு, வீட்டுச் செருப்போடு, கம்பளத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பால் கஞ்சி வாசனை அடித்தது. தோன்கா டீச்சர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், குரலால் ஒரு கட்டடத்தையே எழுப்பக்கூடியவர். அவர் ஒரு அதட்டல் போட்டதும் அறை அடங்கியது.

அல்பெனா முழங்காலிட்டு உட்கார்ந்தாள். "உலகத்துல இருக்கற எல்லாரும் இந்தப் பெட்டிக்குள்ள வந்து ஏதாவது செஞ்சு காட்டுவாங்க. உங்கள மாதிரி சின்னப் பிள்ளைங்களும் அதப் பாப்பாங்க. பயப்படற மாதிரி ஏதாவது வந்துச்சுன்னா வாசல்லயே நிறுத்திடணும். அதான் என் வேலை. இன்னைக்கு நீங்க எல்லாரும் வாசக்காவல்."

"அடிச்சா சிவப்பா அத்தை?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அடிச்சா சிவப்பு."

"விளையாட்டுக்கு அடிச்சா?"

அல்பெனா என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு எங்கள் பயிற்சியில் ஒரு முழு நாள் ஒதுக்கியிருந்தார்கள். "அது பாத்துதான் சொல்லணும்," என்றாள்.

ஆட்டம் சூடு பிடித்தது. இரண்டு பையன்கள் தலையணையால் மொத்திக்கொண்டார்கள், சிவப்பு. ஒரு சிறுமி பாடினாள், பச்சை. ஒருவன் மூக்கைக் குடைந்து காட்டினான். அதற்குச் சிவப்பா பச்சையா என்று பெரிய சண்டையே நடந்தது. யாவோர் காவல் தலைவனாகி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். நான் சமையலறை மணிக்கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தேன். மணி அடிப்பதற்குள் அட்டையைத் தூக்க வேண்டும். பிள்ளைகள் சீக்கிரமே தேறிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையைப் பார்த்து அட்டை தூக்க ஆரம்பித்தார்கள். அல்பெனா எழுந்து வந்து, கடிகாரத்தை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் எலித்சா எழுந்தாள். நெற்றிமுடியை நேராக வெட்டிவிட்டிருந்த, மெலிந்த குழந்தை. அதுவரை எல்லாவற்றுக்கும் பச்சையையே தூக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பில் இருந்த பெரிய பொம்மையும் அதன் போர்வையும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு பெட்டிக்குள் போனாள்.

முதலில் இல்லாத ரிமோட் ஒன்றைக் கையில் எடுத்து மேலே நீட்டி, திரும்பத் திரும்ப அழுத்தினாள். டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. சம்மணமிட்டு உட்கார்ந்து எதிரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து, நுனிக்காலில் இரண்டு அடி வைத்து, பொம்மையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். முடியை இழுத்துக் கன்னத்தை மூடினாள். போர்வையின் ஓரத்தை எச்சிலால் நனைத்துப் பொம்மையின் வாயைத் துடைத்துவிட்டாள். மெதுவாகத் துடைத்தாள், பழகிய கை.

"எந்திரிக்காத," என்றாள் பொம்மையிடம். "அவர் கீழ போகட்டும். லிஃப்ட் சத்தம் கேட்டதும் நான் சொல்றேன்."

அட்டைச் சுவரில் காதை வைத்துக் காத்திருந்தாள்.

பிள்ளைகளும் காத்திருந்தார்கள். மூக்கைக் குடைந்த பையன், ஒன்றுமே நடக்கவில்லையே என்று அலுத்துக்கொண்டான். அம்மா தூங்குகிற விளையாட்டு அது என்று ஒரு சிறுமி விளக்கினாள். ஒவ்வொன்றாக அட்டைகள் எழுந்தன. எல்லாம் பச்சை. யாவோர் கையிலும் பச்சைதான். சன்னல் வழியாக அதைப் பார்த்த எலித்சாவின் முகம் மலர்ந்தது.

அல்பெனா மஞ்சள் அட்டையைத் தூக்கினாள்.

எலித்சாவின் சிரிப்பு போய்விட்டது. "ஏன் அத்தை? யாரும் அடிக்கலயே."

"ஆமா கண்ணு. யாரும் அடிக்கல. ரொம்ப நல்லா செஞ்ச. எனக்கு ஒரே ஒரு விஷயம் கேக்கணும், அதுக்குத்தான்."

"யாருகிட்ட?"

தோன்கா டீச்சர் கையைத் தட்டி, கைகழுவப் போங்கள், ரவை அல்வா வந்துவிட்டது என்றார்.

நடைபாதையில், பிள்ளைகளின் கோட்டுகள் தொங்கிய மாடங்களுக்கு நடுவில் நின்று, அல்பெனா டீச்சரிடம் அந்தக் குழந்தையின் வீட்டைப் பற்றி விசாரித்தாள். அப்பா ருமென், வீடுகளுக்கு ஹீட்டர் போடுகிறவர். குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்துக் குழாய் வெடித்தபோது கூலி வாங்காமல் சரிசெய்து கொடுத்தாராம். அம்மா செவ்தா தின்பண்டக் கடையில் வேலை பார்க்கிறவள். ஒருமுறை கையில் கட்டோடு வந்தாள், வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். அதன் பிறகும் ஒருமுறை வழுக்கி விழுந்திருந்தாள். இதைச் சொல்லும்போது டீச்சர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு பொம்மையைப் படுக்க வச்சதுக்காகப் போலீசைக் கூப்பிடச் சொல்றியாம்மா?"

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நான் பாக்கறதே இதத்தான் டீச்சர்," என்றாள் அல்பெனா. "பொம்மை வாயைத் துடைக்கறதுக்கு எந்தக் குழந்தையும் சும்மா கத்துக்காது."

தலைமை ஆசிரியையிடம் பேசுகிறேன் என்று டீச்சர் சொன்னார். அல்பெனா அதற்குக் காத்திருக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தைக் கூப்பிட்டாள். மறுமுனையில் இருந்தவள் பொறுமையாகக் கேட்டாள். குழந்தையின் உடம்பில் காயம் உண்டா? இல்லை. யாரையாவது அடித்ததைப் பார்த்தீர்களா? இல்லை. பிறகு எதைப் பார்த்தீர்கள்? ஒரு விளையாட்டை, என்றாள் அல்பெனா. பிறகு விலாசத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

அலுவலகத்து ஆட்கள் எலித்சாவின் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வீடு துப்புரவாக இருந்தது. குழந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறது. அப்பா காபி போட்டுக் கொடுத்தார். அம்மா எந்தக் குறையும் இல்லை என்றாள். அதோடு முடிந்தது. அடுத்த திங்கள்கிழமையிலிருந்து எலித்சா பள்ளிக்கு வரவில்லை. ருமென் மட்டும் ஒருநாள் வந்து, யார் புகார் கொடுத்தது என்று டீச்சரிடம் மரியாதையாகக் கேட்டிருக்கிறார். தோன்கா டீச்சர் தெரியாது என்றார். எவ்வளவு கேட்டும் அதையே சொன்னார்.

அல்பெனா அலுவலகத்தில் சரியாக வேலை செய்யவில்லை. ஒரே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். பின்னணியில் டிவி சத்தமாகக் கேட்டால் விடமாட்டாள், மூலை முடுக்கெல்லாம் தேடுவாள். மேலாளர் கூப்பிட்டு, ஓய்வறையில் போய்க் கொஞ்சம் படுத்துக்கொள் என்றார். அவள் ஓய்வறைக்குப் போகவில்லை. செவ்தா வேலை பார்த்த கடையைத் தேடிப் போனாள்.

முதல் நாள் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் கடையில் கூட்டம் இல்லை. தான் யாவோரின் அம்மா என்று தொடங்கினாள். செவ்தா இடுக்கியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தாள். முகத்தில் நிறைய பவுடர் பூசியிருந்தாள்.

"நீங்கதானா அது?" என்றாள்.

"நான்தான்."

"இப்ப எதுக்கு வந்தீங்க? அவங்க வந்துட்டுப் போன அன்னைக்கு எங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கவா?"

"இல்ல. உங்க பொண்ணு என்ன விளையாடினான்னு சொல்ல வந்தேன். அத உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த நேரத்துல பக்கத்து ரூம்ல டிவி பாத்துட்டு இருப்பா. கதவைச் சாத்திட்டுத்தான்..." செவ்தா இடுக்கியைத் தட்டில் வைத்தாள்.

அல்பெனா சொன்னாள். ரிமோட்டிலிருந்து ஆரம்பித்து, கன்னத்தை மூடிய முடி, எச்சிலில் நனைத்த போர்வை ஓரம், லிஃப்ட் சத்தம் வரைக்கும், பார்த்தது பார்த்தபடியே சொன்னாள். ஒரு கிழவர் வந்து இரண்டு ரொட்டிச்சுருள் கேட்டார். செவ்தா எடுத்துக் கொடுத்து, நன்றி சொல்லி, அவர் போகும் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெனவு திரும்பும்போது வாய் சுத்தமா இருக்கும்," என்றாள் பிறகு. "நானேதான் தொடச்சிருப்பேன், ஞாபகம் இல்லன்னு நெனச்சுக்குவேன்."

அல்பெனா தன் ஃபோன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து அவளே அல்பெனாவைக் கூப்பிட்டாள். வ்ராத்சாவில் அக்கா பாவ்லினா இருக்கிறாள், அங்கே போய்விடலாம் என்றிருக்கிறேன், பேருந்து நிலையத்தில் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர்கள் உண்டு, கார் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள். சனிக்கிழமை காலையில் ருமெனுக்குப் பக்கத்து ஊரான பெர்னிக்கில் வேலை. சீக்கிரமே கிளம்பிவிடுவார்.

அல்பெனாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் என் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

செவ்தா குடியிருந்த மிலாதொஸ்த் பகுதியில் எல்லாக் கட்டடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவர்கள் வாசலுக்கு எதிரே, குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அல்பெனா பின் இருக்கையில் குழந்தைக்காக ஒரு மெத்தையும் ஆப்பிளும் வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு மனிதர் கருவிப்பெட்டியோடு வெளியே வந்தார். உள்ளே நுழைய வந்த ஒரு பெண்ணுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைக் கடந்து போகும்போது காலை வணக்கம் என்பதுபோலத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். அவர் வேன் தெருமுனையில் திரும்பியதும் அல்பெனா என் கையைப் பிடித்து அழுத்தினாள். போய்விட்டார், இனி வந்துவிடுவார்கள் என்றாள்.

வரவில்லை. பிள்ளையைக் கிளப்ப நேரமாகும் என்றேன். ஷூ மாட்ட யாவோர் எவ்வளவு பாடு படுத்துவான் என்று அவளும் சொன்னாள். அப்படியே பேசிக்கொண்டிருந்தோம். ஃபோன் அடித்துப் பார்த்தாள், எடுக்கவில்லை.

வாசல் கதவைத் தள்ள முடியாமல் தள்ளிக்கொண்டு எலித்சா மட்டும் வெளியே வந்தாள். கோட்டுப் போட்டிருந்தாள், காலில் வீட்டுச் செருப்பு. அல்பெனா காரிலிருந்து இறங்கி ஓடினாள்.

"அம்மா எந்திரிக்க மாட்டேங்கறாங்க," என்றாள் குழந்தை. "லிஃப்ட் சத்தம் கேட்டுச்சு. நான் சொன்னேன். ரெண்டு தடவை சொல்லிட்டேன் அத்தை."

அல்பெனா மேலே போனாள். நான் குழந்தையைக் காருக்குள் உட்காரவைத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். செருப்பு நனைந்துவிட்டது என்று எலித்சா சொன்னாள். கழற்றி, என் கழுத்துத் துணியால் காலைச் சுற்றினேன்.

கட்டிலுக்கடியில் கட்டிவைத்திருந்த பையை ருமென் பார்த்துவிட்டிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. மதியம் பெர்னிக்கில் போய் அவரைப் பிடித்தார்கள். யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் ஹீட்டர் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தாராம். செவ்தா ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை. சில நாள் கழித்து இறந்துபோனாள். அந்தக் கட்டடத்தின் வாசல் கதவில் அவள் படம் போட்ட இரங்கல் தாளும் கறுப்பு ரிப்பனும் ஒட்டினார்கள்.

அடக்கம் வ்ராத்சாவில் நடந்தது. நாங்களும் போனோம். அங்கத்து வழக்கப்படி கல்லறையில் ஒயின் ஊற்றி, அவித்த கோதுமையைக் காகிதக் கோப்பைகளில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அல்பெனா கையை நீட்டியபோது பாவ்லினா கோப்பையைக் கொடுக்கவில்லை.

"நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா என் தங்கச்சி இன்னைக்கு உசுரோட இருப்பா," என்றாள். குரலை உயர்த்தவில்லை.

திரும்பி வரும் வழியில் அல்பெனா, அந்தப் பொம்பளை சொல்வது சரிதானே என்று என்னிடம் கேட்டாள். நான் இல்லை என்றேன். எனக்கே அந்த 'இல்லை'யில் முழு நம்பிக்கை இருந்ததா என்று இப்போதும் தெரியாது.

வழக்கு இலையுதிர்காலத்தில் வந்தது. செவ்தா அலமாரி மேலிருந்து பெட்டியை எடுக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தாள், நான் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தாள் என்பது ருமெனின் வாக்குமூலம். அக்கம்பக்கத்தார் டிவி சத்தம் தவிர வேறெதையும் கேட்டதில்லை. அரசாங்க ஆட்கள் வந்து பார்த்து எந்தக் குறையும் இல்லை என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். இதற்கு முன்பும் அந்த வீட்டில் அடி நடந்தது என்று நேரில் இருந்து சொல்லக்கூடியது ஒரே ஒரு ஆள்தான், அது எலித்சா. அவள் அப்போது பேசுவதையே கிட்டத்தட்ட நிறுத்தியிருந்தாள். அரசு வழக்கறிஞர் இளம்பெண். குழந்தையைக் கேட்காமல் இருக்க வேண்டுமானால் நீங்கள் அந்த விளையாட்டைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும் என்று அல்பெனாவிடம் நேரடியாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் நிறுவனத்துக்கு அது எப்படியோ தெரிந்துபோயிற்று. அவர்களுடைய வழக்கறிஞர் அல்பெனாவைக் கூட்ட அறைக்கு அழைத்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பேசினார். பார்த்ததைச் சொல்லலாம், யாரும் தடுக்கவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள், வேலையில் எதைப் பார்க்கிறீர்கள், எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

அன்று அல்பெனா என் மேசைக்கு வந்து நின்றாள். "அதச் சொல்லலன்னா நான் சொல்றதுல என்னடி இருக்கு? ஒரு குழந்தை பொம்மையைத் தூங்க வச்சுச்சு. அவ்வளவுதான்."

பிளாமென் அப்போது ஸ்பெயினில் இருந்தான். அவனிடம் ஃபோனில் பேசினாள். உனக்குச் சரின்னு படறதைப் பண்ணு என்று அவன் சொன்னதாக என்னிடம் சொன்னாள். குரலில் எரிச்சல் இருந்தது. வேண்டாம் என்று தடுப்பான் என எதிர்பார்த்திருப்பாள் போல.

நீதிமன்றத்தில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ருமென் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். அவருடைய வழக்கறிஞர் அல்பெனாவிடம், நீங்கள் மனநல மருத்துவரா என்று கேட்டார். இல்லை. ஆசிரியையா? இல்லை. அந்த அறையில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் பச்சை அட்டைதான் தூக்கினார்கள், அப்படித்தானே? ஆமாம். அனுபவமுள்ள ஆசிரியைகூட எதையும் கவனிக்கவில்லை. பிறகு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

"என் வேலை அது," என்றாள் அல்பெனா.

என்ன வேலை என்று நீதிபதி கேட்டார். அல்பெனா ஒரு கணம் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளிடம் சொன்னது போலவே, எளிமையாக, எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் என்னென்ன செய்யறாங்கன்னு படம் புடிச்சு அனுப்புவாங்க. அதையெல்லாம் மத்தவங்க பாக்காம இருக்கறதுக்காக நான் பாக்கறேன். ஆறு வருஷமா பாக்கறேன். அடிக்கறது தெரிஞ்சாதான் எங்க விதிப்படி எடுக்க முடியும். முக்காவாசி நேரம் அடிக்கறது தெரியாது. அதுக்கு முன்னாடி டிவி சத்தத்தைக் கூட்டறது தெரியும். அதுக்கப்புறம் ஒரு பொம்பளை முகத்தைச் சுவத்துப்பக்கம் திருப்பிப் படுத்திருக்கறது தெரியும். பக்கத்துல குழந்தைங்க உக்காந்திருப்பாங்க, அழமாட்டாங்க. காத கதவுப்பக்கம் வச்சிருப்பாங்க. நூத்துக்கணக்குல பாத்திருக்கேன். எல்லாத்துக்கும் இருக்கட்டும்னுதான் அழுத்தியிருக்கேன். எலித்சா பெட்டிக்குள்ள செஞ்சது அதுல ஒண்ணு. ஒரு அசைவுகூட மாறல."

வழக்கறிஞர் வேறு கேள்வி கேட்கவில்லை. ருமென் அதுவரை நேராக உட்கார்ந்திருந்தவர் முழங்கைகளை முட்டியில் ஊன்றிக் குனிந்துகொண்டார். எலித்சாவை யாரும் கூப்பிடவில்லை.

ருமெனுக்குக் கிடைத்த தண்டனை நீண்டதுதான். மேல்முறையீடு செய்திருக்கிறார். அல்பெனாவை அடுத்த வாரமே வேலையிலிருந்து எடுத்தார்கள். மரியாதையாக, கைகுலுக்கித்தான் அனுப்பினார்கள். அவள் மேசையில் இப்போது ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். காதில் இசை போட்டுக்கொண்டு, சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோ பார்ப்பான். அப்படிச் செய்யாதே என்று அவனிடம் இருமுறை சொன்னேன். எதற்கு என்று கேட்டான். விளக்கத் தொடங்கினேன், அவன் தலையாட்டிவிட்டு மறுபடியும் இசையைப் போட்டுக்கொண்டான்.

அல்பெனா சில மாதம் வீட்டில்தான் இருந்தாள். இப்போது ஒரு செடிக்கடையில் நாற்று விற்கிறாள். வசந்தகாலத்தில் பாவ்லினாவிடமிருந்து ஃபோன் வந்தது. மன்னிப்பு என்றோ வேறெதுவோ சொல்லவில்லை. பிள்ளைக்கு இங்கே விளையாடக் கூட்டாளி இல்லை, உங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்களேன் என்றாள். நான்தான் வண்டி ஓட்டினேன்.

எலித்சா வளர்ந்திருந்தாள். முன்பல் இரண்டும் புதிதாக முளைத்திருந்தன. எங்களை அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று காட்டிக்கொள்ளவில்லை. யாவோரைப் பார்த்ததும், இங்கே ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது, ஆனால் தொடக்கூடாது என்றாள். பாவ்லினா சொன்னபடி பார்த்தால் அந்த வாரத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். இருவரும் முற்றத்துக்குப் போனார்கள். பலகையை வைத்துக் கடை போட்டு, கற்களையும் இலைகளையும் விற்கத் தொடங்கினார்கள்.

அல்பெனா சமையலறைச் சன்னலை விட்டு நகரவே இல்லை. எலித்சா குனிந்தால் இவளும் குனிந்தாள். குழந்தை ஒரு கல்லைத் துணியால் துடைத்தபோது கண்ணாடியில் நெற்றி முட்டும் அளவுக்கு நெருங்கினாள். பாவ்லினா மேசையில் ஒரு பாத்திரம் நிறைய உலர்ந்த அவரையைக் கொட்டி, எனக்கும் கொஞ்சம் தள்ளிவிட்டு, உரிக்க ஆரம்பித்தாள்.

"விடுங்க," என்றாள் அல்பெனாவிடம், தலையைத் தூக்காமல். "கடை வச்சு விளையாடறாங்க. அவ்வளவுதான் அது. வந்து உக்காருங்க."

அல்பெனா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்து, முற்றத்துக்கு முதுகைக் காட்டிப் போட்டு, எங்களோடு அவரை உரிக்க உட்கார்ந்தாள்.